நினைவுச் சின்னமும் நினைவுப் பரிசிலும்



இறந்தோரை மறவாதிருப்பதற்கு மனிதகுலம் கண்ட வழிகள் பல. போரில் வீழ்ந்த வீரனுக்குப் பண்டைத் தமிழர் கல் நாட்டினர். சோழர் காலத்திலோ வேறொரு வழக்கம் பெருகிற்று. கோயிலில் அணையா விளக்கொன்று எரிய வேண்டுமென்று விரும்பியவர் 96 ஆடுகளை அதற்கென அளித்தார். ஓர் இடையர் அவற்றைப் பொறுப்பேற்று, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளந்து வந்தார். அவ்வாடுகளைக் கல்வெட்டுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கின்றன. ஆடு சாகாதா? மூப்படையாதா? சாகும், மூப்பும் அடையும். ஆயினும் மூத்தது கழிந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும். 96 என்னும் தொகை குறைவதில்லை. ஆதலால் விளக்கும் அணைவதில்லை.

இக்காலத்து ஞாபகார்த்தப் புலமைப்பரிசில்கள் பலவும் இந்தக் கணக்கின்மீதே நிற்கின்றன. முதலைத் தொடாமல், அதன் வருவாயினின்று ஆண்டுதோறும் ஒரு மாணவனை அல்லது மாணவியைப் படிக்க வைப்பதே அவற்றின் முறை. மறைந்தவர் பெயரை வாழ்கின்ற ஒரு பிள்ளையின் படிப்போடு பிணைக்கும் இந்த ஏற்பாட்டை, அரசறிவியல் பயிலும் பல்கலைக்கழக மாணவரை முன்னிட்டு, மலையகத்தோடு பொருத்திப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அரசறிவியல் என்றதும் ஒரு கேள்வி எழும். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் செல்வதே அரிது. அப்படிச் செல்லும் பிள்ளை மருத்துவமோ பொறியியலோ படித்தால் குடும்பம் தலைநிமிரும். அரசியலைப் படித்து என்ன பயன் என்று தாய் தந்தையர் கேட்பர். கேள்வி நியாயமானதே. அதற்கு விடையை அப்பெற்றோரின் சொந்த வரலாற்றிலேயே தேடலாம்.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, நிபந்தனைகளுக்கு உட்பட்டேனும், தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினர் வாக்காளராயினர். 1936இல் ஹட்டன் தொகுதியினின்று அரசாங்க சபைக்குச் சென்றார் கோ. நடேசய்யர். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், வேறு சிலரும் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் வென்று பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. வாக்காளர் இடாப்பினின்று இம்மக்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. 1952ஆம் ஆண்டுத் தேர்தல் தொடங்கி 1977 வரை, மலையகத் தமிழர் தம் வாக்கினால் தெரிந்தெடுத்த பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றத்தில் அமரவில்லை. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கொழுந்துக்கூடை சுமக்கும் அளவுக்குக் காலம் கடந்தது.

இடையில், 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 மக்களைப் பற்றிய ஒப்பந்தம் அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. பின்னர் 1974இல் அவர்களையும் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைமன்னார்க் கப்பலில் அண்ணன் ஏறத் தம்பி கரையில் நின்ற குடும்பங்கள் உண்டு. நாடற்றோர் என்னும் நிலை முற்றாக நீங்குவதற்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் வேண்டியிருந்தன.

இவ்வளவும் சட்டத்தின் வழியாகவே நடந்தன. ஒரு விதி, ஒரு படிவம், ஒரு கெடு நாள், ஒரு கையொப்பம் என்பவையே இம்மக்களின் வாழ்வைத் தீர்மானித்தன. நோய்க்கு மருத்துவர் தேவைப்படுவதுபோல, இத்தகைய தாக்குதலுக்கு உள்ளான சமூகத்துக்குச் சட்டத்தையும் அரசையும் படித்தறிந்த பிள்ளைகள் தேவை. மலையகத்துக்கு அரசறிவியல் ஓர் அணிகலன் அன்று, அது தற்காப்பு.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். றுவன்வெல்லைத் தேர்தல் தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பவர் தம் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்குமாறு கேட்டார். இலங்கைப் பிரஜை அல்லர் என்னும் காரணத்தால் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. எந்தச் சமூகத்துக்கும் மற்றையோர்க்கு இல்லாத தடையை விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று அன்றைய அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு கூறிற்று. அப்படியாயின் பிரஜாவுரிமைச் சட்டம் செல்லுமா என்பதே வழக்கு. கீழ்நிலையில் விண்ணப்பதாரர்க்குச் சாதகமாக முடிந்த அவ்வழக்கு, உயர் நீதிமன்றத்தில் மாறி, இறுதியாக இலண்டன் கோமறைக் கழகத்தின் முன் சென்று, 1953இல் அரசுக்குச் சாதகமாகவே முடிவுற்றது. சட்டக் கல்லூரிகளிலும் அரசறிவியல் வகுப்புகளிலும் இன்றும் ஆராயப்படும் வழக்கு அது. அதன் பெயர் நூல்களில் இருக்கிறது. ஆனால், அவ்வழக்கின் தீர்ப்பினால் வாக்கிழந்தோரின் பேரப்பிள்ளைகளுள் எத்தனை பேர் அதனைத் தம் மொழியில் படித்திருக்கின்றனர்?

இக்கேள்வி எழுத்துப் பரிசில்களிடம் நம்மைக் கொண்டு சேர்க்கிறது. மலையகத்தின் அரசியல் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து எழுதியவர்கள் அல்லர். நடேசய்யர் ‘தேசபக்தன்’ ஏட்டை நடத்தியபடியே தொழிற்சங்கமும் நடத்தினார். அவருடைய மனைவி மீனாட்சி அம்மை பாட்டெழுதி, அதனைத் தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, ஆசிரியராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் தொழிற்சங்கவாதியாகவும் உழைத்த நேரம் போக எஞ்சிய நேரத்தில் கவிதையும் நாவலும் எழுதி, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் திரட்டினார். நடேசய்யரின் வாழ்க்கையை 1988இல் நூலாக்கித் தந்த சாரல்நாடன், தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்தவர். தேயிலை அரைபடும் ஓசைக்கு நடுவே நாளைக் கழித்து, இரவில் பழைய ஏடுகளைப் புரட்டியவர்கள் இவர்கள். இவர்களுக்கு ஓய்வு கிடைத்திருந்தால் இன்னும் எவ்வளவு எழுதியிருப்பர்! பரிசில் என்பது பணமன்று. அது எழுதுவோனுக்கு வாங்கித் தரப்படும் நேரம்.

மலையகத்தில் இதற்கான முயற்சிகள் இல்லாமற் போகவில்லை. 1940களின் பிற்பகுதியில் தோன்றிய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம், கண்டியிலுள்ள இந்திய உதவித் தூதரகத்தின் வாயிலாகத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பல தலைமுறையாக உதவித்தொகை வழங்கி வந்திருக்கிறது. அதன் துணையால் ஆசிரியராகவும் அதிகாரியாகவும் உயர்ந்தோர் பலர். 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சிறுகதைப் போட்டிகள் நடத்தின. பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்னும் நூலாயின. அப்போட்டிகளில் பரிசு பெற்ற தெளிவத்தை ஜோசப், பின்னாளில் ஈழத்து இலக்கியத்தின் முன்னணிப் படைப்பாளராக விளங்கி, 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருதையும் பெற்றார். சிறியதொரு பரிசு, ஒருவன் தன்னை எழுத்தாளனென்று நம்புவதற்குப் போதுமானதாயிற்று. ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் கற்பித்து, அதன் அதிபராகவும் விளங்கி, ஓர் இளந்தலைமுறையையே தட்டியெழுப்பிய இர. சிவலிங்கம் 1999இல் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த ஞாபகார்த்தக் குழு நினைவுப் பேருரைகளை நடத்தி வந்திருக்கிறது.

முதலாவது பணம் தந்தது. இரண்டாவது எழுதத் தூண்டியது. மூன்றாவது மறைந்தவரின் சிந்தனையைத் தொடர்ந்தது. இம்மூன்றும் ஒரே பரிசிலில் ஒன்றுசேருமாயின் விளையும் பயன் என்ன? அதற்கு வெளிநாட்டு வரலாறொன்று விடை தருகிறது.

அமெரிக்காவில் றால்ஃப் பஞ்ச் என்னும் கறுப்பினச் சிறுவன் இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாட்டியின் ஆதரவில் வளர்ந்தான். கூலி வேலைகளைச் செய்துகொண்டே படித்து, 1927இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் முதல்வனாகத் தேறினான். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அரசறிவியல் பயிலப் புலமைப்பரிசில் தந்தது. ஆனால் அத்தனை தொலைவு போய்த் தங்கிப் படிக்கப் பணமில்லை. அப்போது அந்நகரத்துக் கறுப்பின மகளிர் கழகமொன்று 1,000 டொலர் திரட்டிக் கொடுத்தது. பிறர் வீட்டுப் பிள்ளைக்காகத் தம் சிறு சேமிப்பைத் தந்த பெண்களின் பணம் அது.

பஞ்ச் ஆபிரிக்காவில் பிரெஞ்சு ஆட்சி நடந்த முறையை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிப் பயணத்துக்கு ரோசன்வால்ட் நிதியம் உதவியது. 1934இல் அவருடைய ஆய்வேடு, அத்துறையில் ஹார்வர்ட் வழங்கும் டொப்பன் பரிசைப் பெற்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. பின்னர் ஐக்கிய நாடுகள் சபையில் பணிபுரிந்து, 1949இல் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்படிக்கைகளை உண்டாக்கி, 1950இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இன்று அமெரிக்க அரசறிவியற் சங்கம், இன, பண்பாட்டுப் பன்மையை ஆராயும் சிறந்த நூலுக்கு அவர் பெயரால் விருது வழங்குகிறது. ஊரார் திரட்டிய பணத்தில் தொடங்கி, எழுத்துக்கான பரிசொன்றில் தழைத்து, இறுதியில் தானே ஒரு பரிசாகப் பிறரை வளர்க்கும் வாழ்வு அது.

இங்கிலாந்திலும் ஒரு செய்தி உண்டு. அரசியற் பேராசிரியர் பேர்னார்ட் கிறிக், எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெலின் வாழ்க்கை வரலாற்றை 1980இல் வெளியிட்டார். அந்நூலின் உரிமைத்தொகையைத் தமக்கென முழுதும் வைத்துக்கொள்ளாமல், ஓர்வெலின் நினைவு நிதிக்கு அளித்தார். அதன் வழியில் பிறந்த ஓர்வெல் பரிசு 1994 முதல் சிறந்த அரசியல் எழுத்துக்கு வழங்கப்படுகிறது. பெருஞ்செல்வர் ஒருவர் இல்லாமலும் ஒரு ஞாபகார்த்தப் பரிசு தோன்றலாம் என்பது இதனால் தெளிவாகும்.

இனி, மலையகத்தில் இத்தகைய பரிசிலொன்று எவ்வாறு அமைய வேண்டும்?

முதலாவது, அது உரிய வேளையில் கைக்கு எட்ட வேண்டும். இலங்கையில் உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழக வாசல் திறப்பதற்குள் நீண்ட காலம் கழிந்துவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகின்றனர். மாதச் சம்பளத்தை ஒருமுறை கையில் வாங்கி வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை, அதனை நிறுத்திவிட்டுப் படிக்கப் போவது எளிதன்று. பட்டமளிப்பு விழாவில் மாலையிட்டுத் தரும் பதக்கத்தைவிட, முதல் ஆண்டின் முதல் மாதத்தில் விடுதிக் கட்டணத்துக்கும் பேருந்துச் சீட்டுக்கும் உதவும் தொகை மேலானது.

இரண்டாவது, பரிசில் பெறுவோர் எழுத வேண்டும். நன்றிக் கடிதமன்று; ஆராய்ச்சிக் கட்டுரை. பொருளுக்கா பஞ்சம்? 1952இல் கொழும்பில் நடந்த பிரஜாவுரிமைச் சத்தியாக்கிரகம் இருக்கிறது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் அச்சட்டம் பிரதேச சபைகளை நாடெங்கும் உருவாக்கியது. எனினும் தனியார் தோட்டங்களுக்குள் அச்சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்கு அப்பிரிவு தடையாய் நின்றது. 2018இல் திருத்தம் வரும் வரையில், வரிசையில் நின்று வாக்களித்த தொழிலாளி தன் லயத்துப் பாதைக்கு ஒரு கூடை மண் கேட்டாலும் சபை கைவிரித்தது. அத்திருத்தத்தின் பின் எந்தத் தோட்டத்தில் எந்தப் பாதை செப்பனிடப்பட்டது என்பதை நேரிற் சென்று கணக்கெடுத்து எழுதும் மாணவி, அரசறிவியலுக்கும் தொண்டு செய்கிறாள். தன் ஊருக்கும் தொண்டு செய்கிறாள்.

மூன்றாவது, கட்டுரைகள் மறையாமல் நிற்க வேண்டும். பரிசு பெற்ற கட்டுரை பல்கலைக்கழக நூலகத்திலும், எழுதியவர் படித்த பாடசாலையின் நூலகத்திலும் ஒவ்வொரு பிரதியாக வைக்கப்படல் வேண்டும். இயலுமாயின் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்படல் வேண்டும். தமிழில் எழுதி, தமிழரே படித்து, தமிழரே வருந்துவதோடு முடியும் வரலாறு பாதி வேலையே செய்கிறது. சட்டம் இயற்றுவோரும் அயலவரும் அதனைப் படித்தாக வேண்டும்.

நான்காவது, தேர்வு நேர்மையாக நடைபெற வேண்டும். மலையகத்தில் தொழிற்சங்கமும் கட்சியும் வாழ்க்கையோடு பின்னியவை. அவை கல்விக்குச் செய்த உதவியை மறுப்பதற்கில்லை. எனினும், பரிசில் ஒரு கட்சியின் கையிலிருந்து மாணவனின் கைக்கு மேடையில் மாறும்போது, மாணவன் எழுதப் போகும் கட்டுரையின் ஒரு பகுதி அங்கேயே மௌனமாகிவிடுகிறது. உதவியவரையும் விமர்சிக்கும் உரிமை இல்லாத அரசியல் மாணவன், அரசியலைப் படித்தவனாக மாட்டான். பெயர் மறைத்த விடைத்தாள்களைப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மதிப்பிடுவதும், பெற்றோரின் வருமானத்தைப் பாடசாலை வாயிலாக உறுதிசெய்வதும் இதற்குப் போதிய காவலாகும்.

ஐந்தாவது, நிதி தேயாமல் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இதற்குக் கடுமையான பாடம் புகட்டிற்று. அவ்வாண்டு செப்ரெம்பரில் கொழும்பின் விலைவாசி ஓராண்டுக்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்து நின்றது. முன்னர் ஒரு மாணவனை மாதம் முழுவதும் தாங்கிய தொகை, மாதம் முடியுமுன்னரே கரைந்தது. இத்தனை ரூபாய் என்று பத்திரத்தில் நிலையாக எழுதி வைக்கப்படும் பரிசில், சில ஆண்டுகளில் ஒரு கொப்பிக்கும் பேனைக்கும் போதுமானதாகச் சுருங்கிவிடும். ஆகவே, வருவாயில் ஒரு பங்கை ஆண்டுதோறும் முதலோடு சேர்க்க வேண்டுமென்று தொடக்கத்திலேயே விதித்தல் அவசியம். குட்டிகளையெல்லாம் விற்றுத் தின்றபின் மந்தை நிலைக்காது என்பதை அன்றைய இடையர் அறிந்திருந்தனர்.

பணம் எங்கிருந்து வரும் என்னும் ஐயம் எழலாம். தோட்டத்தில் பிறந்து இன்று கொழும்பிலும், தமிழகத்திலும், கடல் கடந்த நாடுகளிலும் வளமாய் வாழ்வோர் பலர். தாய் தந்தையரின் ஆண்டுத் திவசத்துக்கு அன்னதானம் செய்யும் வழக்கம் அவர்களிடம் இன்றும் உண்டு. அந்த அறத்தின் ஒரு பகுதி ஒரு மாணவனின் மூன்றாண்டு அல்லது நான்காண்டுப் படிப்பாக மாறினால், சோறிட்ட புண்ணியமும் குறையாது. பெற்றோரின் பெயரும் நிற்கும். கொழுந்து பறித்த தாயின் பெயர் பல்கலைக்கழகப் பரிசுப் பட்டியலில் அச்சாவதினும் சிறந்த நினைவுச் சின்னம் எது?

அவ்வாறாயின், யார் பெயரால் முதற் பரிசிலை நிறுவுவது? நடேசய்யர், மீனாட்சி அம்மை, வேலுப்பிள்ளை, சிவலிங்கம் என்று தகுதியுடைய பெயர்கள் பல உள. தலைவர்களுக்கு நினைவு கூட்டங்களும் தபால் முத்திரைகளும் கிடைக்கின்றன. இன்னொரு பெயரும் நினைக்கத்தக்கது. 1940ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஹேவாஹெட்டையைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பொலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அவர் தலைவரல்லர், நூல் எழுதியவரல்லர், சட்டசபையைக் கண்டவருமல்லர். அச்சாவைப் பற்றி ஆராய விசாரணை ஆணைக்குழு அமைந்தது. அது நாட்டின் அரசியலையே அசைத்தது.

முல்லோயாக் கோவிந்தன் பெயரால் ஒரு பரிசில் இருக்குமாயின், ஆண்டுதோறும் அதனைப் பெறும் மாணவன் அந்தப் பெயருக்கு உரியவர் யார், அவர் ஏன் இறந்தார், அவர் கேட்டது என்ன, அதில் எவ்வளவு இன்றுவரை கிடைத்திருக்கிறது என்று தேடியாக வேண்டும். தேடியதை எழுதியாக வேண்டும். அடுத்த ஆண்டு வேறொரு மாணவி முன்னவன் எழுதியதைப் படித்து, அவன் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். சிலை ஒருவருடைய முகத்தைக் காக்கும். பரிசில் அவர் எழுப்பிய கேள்வியைக் காக்கும். மலையகம் இன்று காக்க வேண்டியது அந்தக் கேள்வியைத்தான்.